கம்பத்தின் கீழே நின்றவள்

நவம்பர் 22, வியாழன்

கோபியில் நேற்று மாலை நாங்கள் ஏறிய வேன் இன்று காலை பத்து மணிக்கு இங்கே வந்து சேர்ந்தது. கடைசி இருபது கிலோமீட்டருக்கு மட்டும் நான்கு மணி நேரம். குறுக்கே விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்து ஒதுக்கி, கொஞ்ச தூரம் போய், மறுபடி இறங்கி அறுத்து... புயல் அடித்து ஆறு நாளாகிறது.

ஊர் ஆலங்கரைக்காடு. கடல் மூன்று கிலோமீட்டர். ஒரு மின்கம்பம்கூட நிற்கவில்லை என்று போனில் சொன்னபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். மிகை இல்லை. சில கம்பங்கள் அடியோடு சாய்ந்திருக்கின்றன. சில இடுப்பில் ஒடிந்து கம்பியைப் பிடித்துத் தொங்குகின்றன.

என்னோடு பதினெட்டுப் பேர். போர்மேன் சென்னியப்பனுக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். லைன்மேன்கள் ஐந்து பேர், மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இந்த செக்‌ஷனுக்கு வந்து ஏழு மாதம். வெளியூருக்கு ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வருவது இதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். அவர்களுக்கு இரண்டு வகுப்பறை, எனக்குத் தலைமையாசிரியர் அறை. கம்பக் கணக்கு எழுதக் கொண்டுவந்த நோட்டில் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். பேச ஆள் இல்லை. சிக்னலும் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வருகிறது. அங்கே நின்று மகள் நிவேதாவிடம் இரண்டு நிமிடம் பேசினேன். கணக்குப் பரீட்சை எழுதிவிட்டாளாம்.

கிளம்பும்போது ஒரு சின்ன விஷயம். "மேடம், எர்த் ராடு இன்னும் ரண்டு செட் வாங்கிக்கலாமுங்களா? அங்க வேலை தூரந்தூரமா இருக்குமுங்க" என்று சென்னியப்பன் கேட்டார். லைனில் தவறிக் கரண்ட் வந்தால் மண்ணுக்கு இறக்கிவிடும் கம்பிகள் அவை; ஏறியதும் முதலில் மாட்ட வேண்டியவை. ஸ்டோரில் போய்க் கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னமே ஏன் கேட்கவில்லை என்பார்கள். "இருக்கறது போதும்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த விதத்தில் நல்ல மனிதர்.

நவம்பர் 23, வெள்ளி

ஒன்பது கம்பம். முதல் நாளுக்கு மோசமில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒருவர் சொன்னார்: தொழிலாளிகள் முன்னால் ஒரு தடவை 'தெரியாது' என்று சொல்லிவிட்டால் அப்புறம் உன்னிடம் எவனும் வேலை பார்க்க மாட்டான். பெண்ணாக வேறு இருக்கிறாய், குரலை உயர்த்தக் கற்றுக்கொள். கற்றுக்கொண்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதையும் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் அவர்கள் சாப்பிடும் வகுப்பறையில் ஒரே சிரிப்பு. நாளைக்குரிய வேலையைச் சொல்ல உள்ளே போனேன். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள், சோற்றுக் கையோடு. பயம் இருப்பது வேலைக்கு நல்லது.

நவம்பர் 25, ஞாயிறு

தெற்குத் தெருவில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறுகிறது. மூன்றடியில் சேறு. "இந்த மண்ணுல இப்படியே நட்டா சாயுமுங்க மேடம். நாலு தென்னந்துண்டைக் குறுக்கால போட்டு மிதிச்சுட்டு அப்புறம் நடலாமுங்க" என்றார் சென்னியப்பன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஊர்க்காரர்களும் நின்றார்கள். "எங்க வேலை எங்களுக்குத் தெரியும். அளவுப்படி நடுங்க" என்றேன்.

எங்க வேலை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அது அவருடைய வேலையும்தான்.

மூன்று கம்பம் நட்டோம். நாலு மணிக்கு இரண்டு சாய்ந்தன. தென்னந்துண்டு போட்டு மறுபடி நடச் சொன்னேன்.  சென்னியப்பன்தான் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். மழைதான் காரணம் என்று அறிக்கையில் எழுதினேன். மழையும் பெய்தது.

நவம்பர் 26, திங்கள்

பதினான்கு கம்பம். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது. ஈரமில்லாத துணி என்று ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 28, புதன்

காலை ஆறரைக்கே பெண்கள் காலிக் குடங்களோடு சாலையை மறித்துவிட்டார்கள். பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இருக்கிறது, கரண்ட் இல்லை. நம் வேனை விடவில்லை. நான் சத்தம் போட்டேன். எங்களுக்குச் சமைக்கும் அஞ்சலை அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றார்.

"ஏம்மா, நாங்க ஒங்களையா வையிறோம்? தண்ணிக்குத்தான் நிக்கிறோம். நீங்க எதுக்கு எங்ககிட்ட கத்துறீங்க?"

வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர்களே வழிவிட்டார்கள். மத்தியானம் என் அறைக்குச் சோறு கொண்டுவந்து வைத்தபோது அஞ்சலை, "அவங்களோட ஒக்காந்து சாப்புட மாட்டீங்களாம்மா? தெனம் இங்க ஒரு நடை அங்க ஒரு நடையா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது, அவ்வளவுதான். அவருடைய வீட்டுக் கூரை இன்னும் பக்கத்து வயலில் கிடக்கிறது.

மாலை மாடித் தொட்டியின் மேல் நின்றபோது செயற்பொறியாளர் சிவப்பிரகாசம் சார் போன் செய்தார். சனிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். மேல்நிலைத் தொட்டி இருக்கும் தொட்டித் தெருவில் மட்டுமாவது அதற்குள் விளக்கு எரிய வேண்டும். "முடியுமா கோகிலா?" என்று கேட்டார். "முடியும் சார்." முடியுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

நவம்பர் 30, வெள்ளி

மத்தியானம் ஒரு விபத்து. தொட்டித் தெருவில் கம்பத்தில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி நாச்சிமுத்துவுக்கு ஷாக் அடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது. தொட்டி மோட்டாருக்கு வைத்த ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் பின்வழியாக லைனுக்குள் வந்திருக்கிறது. ரிட்டர்ன் சப்ளை என்போம்.

தலை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 1, சனி

அதிகாரிகள் வரவில்லை. மழை, பாலத்தில் தண்ணீர்.

காலையில் சிவப்பிரகாசம் சார் பேசினார். மாடித் தொட்டியின் மேல் குடை பிடித்துக்கொண்டு பேசினேன். முதலில் நாச்சிமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அப்புறம், "ரிப்போர்ட் சுத்தமா இருக்கணும் கோகிலா. மெயின் சுவிட்சை எறக்காம ஜெனரேட்டர் ஓட்டினது அந்த டேங்க் ஆபரேட்டர். அது ஒண்ணு. எர்த் போடாம ஏறினது நம்ம ஆளு, உங்க உத்தரவு இல்லாம. அது ரெண்டு. நீங்க அந்த எடத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"பக்கத்துக் கம்பத்துல இருந்தீங்க. நீங்க பார்க்கறதுக்குள்ள ஏறிட்டார். சரியா? நீங்க நல்லா வர வேண்டிய ஆளு. இதுல மாட்டிக்க வேண்டாம்."

பக்கத்துக் கம்பம் என்பது நாற்பது மீட்டர். சொல்லப்போனால் நான் நடுவில்தான் எங்கோ நின்றிருப்பேன். அப்படித்தான் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலிருந்து அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

நாச்சிமுத்து ஒப்பந்தத்தில் பதினாலு வருடம். இந்த வருடமாவது நிரந்தரம் வரும் என்று பட்டியலில் பெயர் இருக்கிறது. உத்தரவு இல்லாமல் ஏறினார் என்று பதிவானால் பெயர் போய்விடும் என்று சென்னியப்பன் வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மாலை மாடியில் நின்றபோது நிவேதா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

டேங்க் ஆபரேட்டர் கலியபெருமாள் வந்தார். அறுபது இருக்கும். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"எனக்கு மெயினை எறக்கத் தெரியாதா அம்மா? முப்பது வருசமா மோட்டர் போட்டு வுடுறேன். ஒரே கொடமும் கூச்சலுமா நின்னாங்க. ஜெனரேட்டரு வந்ததும் சொருகி வுட்டுட்டேன். நெனப்பு தப்பிப் போச்சு. அது எந்தப்பு, இல்லேங்கல. ஆனா லைன்ல ஆளு ஏத்தப் போறோம், மோட்டர் ரூமைப் பூட்டுன்னு எனக்கு ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல? காலைல நீங்க என்னைப் பாத்தீங்கள்ல? கையக் காட்டுனீங்களே அம்மா?"

விசாரணை நடக்கிறது, அங்கே சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று மணிக்கு மேல் வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. பதினேழு பேர் மௌனமாக வேலை செய்யும் சத்தம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் கேட்டேன். கடப்பாரை, மண்வெட்டி, அவ்வளவுதான்.

டிசம்பர் 3, திங்கள்

காய்கறி வண்டி ஒன்று தஞ்சாவூர் போனது. அதில் ஏறிப் போனேன். நாச்சிமுத்துவின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். உள்ளங்கை முழுவதும் வெந்திருக்கிறது. அவருடைய மனைவி பாவாத்தாள் ஊரிலிருந்து வந்திருந்தார். நான் உள்ளே போனதும் எழுந்து வெளியே போனார்.

நாச்சிமுத்து எழுந்து உட்கார முயன்றார். வேண்டாம் என்றேன்.

"ஏன் நாச்சிமுத்து அன்னைக்கு ஏறினீங்க?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "தப்புன்னு எனக்குத் தெரியுமுங்க. பதினாலு வருசமா ஏறுறவனுக்குத் தெரியாதுங்களா? ஆனா மேடம், நெசத்தைச் சொன்னா, எனக்குக் கரண்டை விட உங்களைக் கண்டாத்தானுங்க பயம்."

குத்திக்காட்டவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னார். அப்புறம் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம். இனிமேல் இந்த நோட்டிலாவது சரியாக எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டிராக்டரில் ஜெனரேட்டர் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். கலியபெருமாள் டிராக்டரின் பின்னால் நடந்து வந்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்: இன்று லைனில் ஆள் இருக்கும், மெயினை இறக்கிப் பூட்டிவிட்டு ஓட்டுங்கள் என்று. அது என் வேலை. எனக்கு நினைவு வரவில்லை என்று சொல்ல முடியாது. நினைவு வந்தது. தண்ணீர் ஏறிவிட்டால் பெண்கள் மறியலுக்கு வர மாட்டார்கள், நம் வேலை ஓடும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்குத் தொட்டித் தெருவின் கடைசிக் கம்பம் மட்டும் பாக்கி. ஒரு செட் எர்த் ராடு வடக்குத் தெருக் குழுவிடம். இன்னொன்று காலையில் வேலை நடந்த இடத்தில், தோப்புக்கு அந்தப் பக்கம். விழுந்த மரங்களைத் தாண்டிப் போய்வர இருபது நிமிடம் ஆகும். நாச்சிமுத்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, "எர்த் ராடு அந்தப் பக்கம் கெடக்குதுங்க மேடம். ஓடிப் போய் எடுத்துட்டு வந்தர்றேனுங்க" என்றார்.

நான் அந்தக் கம்பத்துக்கு நேர் கீழே நின்றேன். நாற்பது மீட்டர் தள்ளி இல்லை. கம்பத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பதினஞ்சு நாளா செத்துக் கிடக்கற லைனுக்கு எர்த் எதுக்கு? ஏறுங்க" என்று கத்தினேன். அந்தக் குரலில்தான்.

ஏறினார். கம்பியைத் தொட்டதும் ஒரு சத்தம் வந்தது, மனிதர் போடும் சத்தம் மாதிரி இல்லை. உடம்பு பெல்ட்டில் தொங்கியது. சென்னியப்பன்தான் ஜெனரேட்டரை நிறுத்த மோட்டார் அறைக்கு ஆளை ஓட விட்டார். அவரே ஏறி, கயிறு கட்டி இறக்கி, நெஞ்சில் மாற்றி மாற்றி அழுத்தினார். மூச்சு வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அவ்வளவு நேரமும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேனாம். அஞ்சலை சொன்னார்.

இதுதான் நடந்தது.

டிசம்பர் 4, செவ்வாய்

விடிந்ததும் சென்னியப்பன் குழாயடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் போய் நின்றேன்.

"போர்மேன், என் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. விசாரணை வந்தா நீங்க எழுதுனதைத்தானுங்க நாங்களும் சொல்லுவோம். பசங்ககிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறேன்."

"எதுக்கு?"

வேட்டியைப் பிழிந்தார். "எப்பவும் அப்படித்தானுங்களே."

"அன்னைக்கு நான் ஏறச் சொன்னப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஏன் தடுக்கலை?"

"சொன்னாக் கேப்பீங்களா மேடம்? குழியில தண்ணி வந்தப்போ சொன்னனே." அதைச் சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "அது நொண்டிச் சாக்குங்க. முப்பது வருசம் சர்வீசு எனக்கு. 'டேய் எறங்குடா'ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா அவன் எறங்கியிருப்பான். உங்க மேல இருந்த கடுப்புல வாயை மூடிட்டு நின்னுட்டேன். பட்டாத்தான் இந்தம்மாவுக்குப் புரியும்னு... பட்டது அவனுக்குங்க. எனக்கும் கண்ணை மூடுனா அந்தக் கம்பந்தானுங்க."

 குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் மூடினார்.

ஏழரைக்கு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை எர்த் ராடு எடுத்துட்டு வர்றேன்னு நாச்சிமுத்து சொன்னார். வேண்டாம், ஏறுங்கன்னு சொன்னது நான். ஜெனரேட்டர் வந்ததையும் காலையிலயே பார்த்தேன். ஆபரேட்டர்கிட்ட சொல்லலை, உங்ககிட்டயும் சொல்லலை. ரிப்போர்ட்ல பொய் எழுதியிருக்கேன். இன்னைக்கு மாத்தி எழுதி அனுப்பப் போறேன். விசாரணையில நீங்க பார்த்ததை, பார்த்த மாதிரியே சொல்லுங்க. எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம்."

இன்னும் ஏதோ இருந்தது. அது வரவில்லை. பதினேழு முகம். ஒருவர் இருமினார். யாருடைய முகமும் இளகவில்லை. எதற்கு இளக வேண்டும்?

சென்னியப்பன்தான் பேசினார். "சரிங்க மேடம். இன்னைக்கு எந்தத் தெருவுங்க?"

அறிக்கை மூன்று பக்கம் வந்தது. ஸ்டோரில் எர்த் ராடு வாங்காமல் வந்ததையும் எழுதினேன். கலியபெருமாளிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, ஸ்டேஷனில் காட்டச் சொன்னேன். அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் என் தட்டை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனேன். உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பளம் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்டது. நாளையும் அங்கேதான் உட்காருவேன். அஞ்சலைக்கு ஒரு நடை மிச்சம்.

டிசம்பர் 5, புதன்

சிவப்பிரகாசம் சார்: "உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"இல்லை சார்."

"முதல் ரிப்போர்ட்டை நான் மேல அனுப்பிட்டேன். இப்ப நான் என்ன ஆகறது?"

அது நியாயமான கேள்வி. நான் சொன்னதை நம்பித்தான் அனுப்பினேன் என்று நீங்கள் எழுதுங்கள் என்றேன்.   "வேற ஏ.இ.யை அனுப்பறேன். அவர் வர்ற வரைக்கும் அங்க இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போன வாரம் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

டிசம்பர் 7, வெள்ளி

தெற்குத் தெருவில் கம்பி இழுக்கும் வேலை. காலையிலிருந்தே காற்று. மயில்சாமி என்று ஒரு லைன்மேன். இந்தப் பதினைந்து நாளில் 'சரிங்க' என்பதைத் தவிர என்னிடம் எதுவும் பேசாதவர். மூலைக் கம்பத்தடியில் போய் நின்றவர், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டார்.

"நான் இதுல ஏற மாட்டேனுங்க."

எல்லோரும் நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். இன்று அந்தத் தெருவுக்கு விளக்கு வந்துவிடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் குரல் தொண்டை வரை வந்தது. அது எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. இன்று நன்றாகத் தெரிந்தது.

"ஏன் மயில்சாமி?" என்றேன். சாதாரணமாகக் கேட்க முயன்றேன். 

"ஸ்டே புடிக்கலீங்க. மண்ணு இளகிக் கெடக்குது. இந்தக் காத்துல கம்பியை இழுத்தா கம்பம் என்னையும் சேத்திட்டு வந்துருமுங்க."

நான் போய்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருப்பது போலத்தான் பட்டது. "எனக்கு வித்தியாசம் தெரியலை. போர்மேன், நீங்க பாருங்க." சென்னியப்பன் குனிந்து, மண்ணைக் காலால் கிளறி, "அவன் சொல்றது சரிங்க மேடம். தோண்டித்தான் போடோணும்" என்றார்.

தோண்டினோம். விளக்கு இன்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று ஊர்க்காரர்களிடம் நானே போய்ச் சொன்னேன். ஏசினார்கள். கேட்டுக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் மயில்சாமி, "மேடம், மோர் ஊத்தட்டுங்களா?" என்றார். மற்றவர்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததற்காக யாரும் நிறுத்தவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

மாலை ஐந்தரைக்கு லைன் சார்ஜ் ஆனது, கரண்ட் வந்துவிட்டது. கீழே எத்தனை ஆள், மேலே எத்தனை ஆள் என்று இரண்டு தடவை எண்ணிய பிறகுதான் சப் ஸ்டேஷனுக்குச் சொன்னேன். தெருவே கத்தியது. நான் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துவிட்டேன். 

டிசம்பர் 10, திங்கள்

புதிய உதவிப் பொறியாளர் வந்தார். பொறுப்பை ஒப்படைத்தேன். எர்த் ராடு ஆறு செட் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நான்கு நேற்று முன்தினம்தான் வந்தன.

குறிப்பாணையும் அவரிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவரை களப்பணி கூடாது. விளக்கம் ஏற்கெனவே எழுதியதுதான்.

நாச்சிமுத்துவுக்குப் பணியின்போது நேர்ந்த விபத்து என்று பதிவாகிவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனால் கம்பம் ஏற மட்டுமே தெரிந்த மனிதருக்கு ஏறாத வேலை என்ன கொடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நிவேதாவிடம் பேசினேன். ஏன் சீக்கிரம் வருகிறாய் என்று கேட்டாள். ஒன்பது வயதுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அப்படியே சொன்னேன். "அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதனால ஒருத்தருக்குக் கையில அடிபட்டுருச்சு."

"சாரி சொன்னியா?"

இல்லை. இத்தனை எழுதியும், அறிக்கையெல்லாம் அனுப்பியும், அந்த ஒரு வார்த்தையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சென்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு சாலை வரை வந்தார். பஸ் வரும்வரை நின்றார். ஏறியதும், ஜன்னல் அருகே வந்து, "மேடம், உங்களுக்கு நல்லது நடக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அடுத்த தடவை உங்ககூட வேலைன்னா வருவேன்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. தஞ்சாவூர் வரை தூங்கினேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

காலை ஆஸ்பத்திரி. நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். பாவாத்தாள் இந்தத் தடவை எழுந்து போகவில்லை. தலை கலைந்திருந்தது. பதினொரு நாளாக அந்த ஸ்டூலில்தான்.

"எழுதிக் குடுத்துட்டீங்கன்னு போர்மேன் போன்ல சொன்னாருங்க."

"ஆமாங்க."

"அதுக்காவ நான் உங்களைக் கும்புடுவேன்னு நெனைச்சு வந்திருந்தீங்கன்னா, இப்படியே போயிருங்க."

"அதுக்கு வரலைங்க. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். உங்ககிட்டயும்."

"அவரு குடுத்துருவாரு. அவரு அப்படி. நான் குடுப்பனான்னு எனக்கே தெரியலீங்க."

"சரிங்க."

நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டுமாம், இல்லையென்றால் வீங்கும். தலையணையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் தூக்கத்தில் அசையும்போதெல்லாம் அது நழுவியது. நழுவும்போதெல்லாம் பாவாத்தாள் எழுந்து பிடித்தார். மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை எழுந்தவர், கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"நேத்துலருந்து மூஞ்சி கழுவலீங்க. வர்ற வரைக்கும் இதைப் புடிச்சுக்கறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். முழங்கைக்குக் கீழே ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை. கட்டுப் போட்ட கை நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கட்டுக்கு வெளியே மூன்று விரல் நுனி தெரிந்தது. அவர் விழிக்கவில்லை.

பாவாத்தாள் திரும்பிவர அரை மணி நேரம் ஆனது. முகம் கழுவி, தலை சீவி முடிந்திருந்தார். கையை வாங்கிக்கொள்ள வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஸ்டூலில் நான் இருந்ததால் எதிரே தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். தூங்கிவிட்டார்.

எனக்குத் தோள் வலித்தது. பிடித்துக்கொண்டே இருந்தேன்.